வளர்ந்தவர்களிடம் அஸ்பேர்கர் இயல்புகளை அடையாளம் காண்பது: எதைப் பார்க்க வேண்டும்?

கடலோரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஓட்டிசத்தின் ஒரு வடிவமாக, அஸ்பேர்கர் என்று அழைக்கப்பட்டு வந்த இயல்புகள் நாற்பது வயதை நெருங்கிய ஒருவரிடம் எவ்வாறு தெரியும் என்பதை இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன். தமிழில் இது பற்றி வாசிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் சிறு பிள்ளைகளைப் பற்றியவை. பேச்சு பிந்துவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விளையாட்டுப் பொருள்களை வரிசையாக அடுக்குவது போன்ற அறிகுறிகள், படித்து, வேலையில் அமர்ந்து, கலியாணமும் செய்துகொண்ட ஒருவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அக்காவின் மகனுக்கு அண்மையில் ஓட்டிச மதிப்பீடு செய்தபோது, குடும்பத்தில் வேறு எவருக்கும் இத்தகைய இயல்புகள் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா தயங்காமல் என்னைச் சொல்லியிருக்கிறார்.

நான் கொழும்புக் கோட்டையில் கணக்காய்வுத் துறையில் வேலை செய்கிறேன். பேரேட்டில் பொருந்தாத ஒரு தொகை, தேடாமலே என் கண்ணில் படும். ஆனால் மதிய உணவு மேசையில் நால்வர் கதைத்துக்கொண்டிருக்கும்போது எந்த இடத்தில் நான் வாய் திறக்கலாம் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தொலைபேசியில் ஒருவரை அழைப்பதற்கு முன்னர், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபத்துக்குப் போய் வந்தால், மேளச் சத்தமும் ஒலிபெருக்கியும் மல்லிகையும் வாசனைத் திரவியமும் கலந்த காற்றும் சேர்ந்து, மறுநாள் மாலை வரை எவருடனும் பேச முடியாதபடி என்னைக் களைப்பாக்கிவிடும். வீட்டில் இவை எல்லாவற்றையும் கூச்ச சுபாவம் என்ற கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

என் கேள்விகள் இரண்டு. கூச்சத்துக்கும் இதற்கும் இடையிலான எல்லை எங்கே இருக்கிறது? ஓட்டிச இயல்புகளை அளப்பதற்கென்று இணையத்தில் உள்ள 50 கேள்விப் படிவத்தில் என் புள்ளி 32 என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நீள்நோக்கு

கடலோரம் அவர்களுக்கு வணக்கம். வயது வந்தோருக்கான உளநலச் சேவையில் உளவியலாளராகப் பணிபுரிபவன் என்ற முறையில் எழுதுகிறேன். எவரையும் பார்க்காமல் இணையத்தில் வைத்து இதுதான் அல்லது இதுவல்ல என்று சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

முதலில் பெயர். உளநிலைகளை வரையறுக்கும், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டில் அஸ்பேர்கர் என்பது 1994 இல் தனி நிலையாகச் சேர்க்கப்பட்டது. 2013 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு அதை நீக்கி, ஓட்டிச நிறமாலை என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்னும் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022 இல் நடைமுறைக்கு வந்தபோது அங்கும் அவ்வாறே ஆயிற்று. ஆகவே இன்று புதிதாக எழுதப்படும் மருத்துவ அறிக்கையில் அந்தப் பெயர் இருக்காது. அறிவாற்றல் குறைபாடோ குறிப்பிடத்தக்க மொழித் தாமதமோ இல்லாத ஓட்டிசம் என்பதுதான் அந்தப் பழைய பெயரின் உட்பொருள்.

இன்றைய வரைவிலக்கணத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கம் சமூகத் தொடர்பு: உரையாடலில் கொடுத்து வாங்குவது, பார்வையும் முகபாவமும் சைகையும் பேச்சோடு இணைந்து போவது, உறவுகளை ஏற்படுத்திக் காத்துக்கொள்வது ஆகிய மூன்றிலும் கடினம் இருக்க வேண்டும். மறுபக்கத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு அல்லது பேச்சு, மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஒரே விடயத்தில் மிக ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு அளவுக்கு மிஞ்சிய அல்லது குறைந்த உணர்திறன் என்னும் நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை சிறுவயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும். வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை மிக முக்கியமான வரி ஒன்றை அந்தக் கையேடே சேர்த்திருக்கிறது: பிற்காலத்தில் கற்றுக்கொண்ட உத்திகளால் இவ்வியல்புகள் மறைந்திருக்கலாம் என்பதே அது.

அந்த ஒரு வரியால்தான் வளர்ந்தவர்களிடம் அடையாளம் காண்பது வேறு வேலையாகிறது. கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா என்று மட்டும் பார்ப்பதில் பயன் இல்லை. பலர் புருவத்தையோ மூக்கின் மேற்பகுதியையோ பார்க்கப் பழகியிருப்பார்கள். அப்படிப் பார்ப்பதற்கு அவருக்கு எவ்வளவு கவனம் செலவாகிறது, அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் சொன்னது காதில் ஏறியதா என்றே கேட்க வேண்டும். நடத்தை வெளியே ஒழுங்காக இருக்கலாம். அதற்குப் பின்னால் நடக்கும் வேலையின் அளவுதான் நமக்குத் தேவையான தகவல்.

எங்கள் வீடுகளிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். விருந்தாளி எழும்பும்போது வீட்டுக்காரர் "இருந்து சாப்பிட்டுப் போங்கோவன்" என்பார். அது உண்மையான அழைப்பா, உபசார வார்த்தையா என்பதை, சொன்னவர் குசினிப் பக்கம் திரும்பினாரா, கதவுப் பக்கம் நடந்தாரா, சொல்லும்போது குரல் எங்கே இறங்கியது என்பவற்றைக் கொண்டு பெரும்பாலானோர் யோசிக்காமலே பிரித்தறிவார்கள். ஓட்டிச இயல்புள்ள ஒருவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்துவிடலாம்; அல்லது ஒருமுறை அப்படி உட்கார்ந்து சங்கடப்பட்ட பிறகு, எவர் எப்போது அழைத்தாலும் மறுப்பது என்று ஒரு விதியை வகுத்துக்கொண்டு, மனதார அழைத்தவரைப் புண்படுத்தலாம். நாற்பது வயதில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவத்தைத்தான். உள்ளுணர்வு இருக்க வேண்டிய இடத்தில் விதி இருக்கும்.

கூச்சம் பற்றிக் கேட்டீர்கள். சமூகப் பதற்றம் உள்ளவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது பெரும்பாலும் தெரியும். பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் அவரைத் தடுக்கும். தன்னை நன்கு அறிந்தவர்கள் நடுவில் அந்தத் தடை பெரிதும் விலகிவிடும். ஓட்டிசத்தில், பயமே இல்லாத இடத்திலும், சொந்த மனைவியிடமும் உடன்பிறந்தவரிடமும்கூட, குறிப்பால் சொல்வது பிடிபடாமை தொடரும். சத்தமும் வெளிச்சமும் துணியின் உரசலும் தரும் வேதனை கூச்ச சுபாவத்தின் பகுதி அல்ல. ஆனால் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது மிகவும் சாதாரணம். பல ஆண்டுகளாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவருக்குப் பதற்றம் வராவிட்டால்தான் வியப்பு. கவனக்குறைவு மிகையியக்கம் என்ற ஏ.டி.எச்.டி. நிலையும் உடன் இருக்கலாம்.

அந்த 50 கேள்விப் படிவத்தை உளவியலாளர் சைமன் பாரன்-கோஹனும் சகாக்களும் 2001 இல் கேம்பிரிட்ஜில் வெளியிட்டார்கள். அந்த ஆய்வில், ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டவர்களில் 80 வீதமானோர் 32 அல்லது அதற்கு மேல் பெற்றார்கள். பொதுக் குழுவில் 2 வீதத்தினர் மட்டுமே அவ்வாறு பெற்றார்கள். இது கவனிக்கத்தக்க வேறுபாடு. ஆயினும் கேள்விகளைப் பாருங்கள்: விருந்துக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போவது விருப்பமா, அருங்காட்சியகத்தைவிட நாடக அரங்கு விருப்பமா என்பவை அதில் உள்ளன. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த ஒருவருடைய சமூக வாழ்க்கை இந்தத் தெரிவுகளால் ஆனது அல்ல. எங்களில் பலருக்கு விருந்து என்பது தெரிவே அல்ல, கடமை. படிவத்தின் புள்ளி மதிப்பீட்டுக்குப் போவதற்கான ஒரு காரணமாகலாம், முடிவாகாது.

மருதநிலா

நீள்நோக்கு சொன்ன "செலவாகும் கவனம்" என்பதை என் பக்கத்திலிருந்து விளக்குகிறேன். நான் ஆசிரியை. முப்பதுகளின் நடுவில்தான் எனக்கு ஓட்டிசம் என்று உறுதிப்படுத்தப்பட்டது. அதற்கு முன்னர் மனச்சோர்வுக்காகவும் பதற்றத்துக்காகவும் பலரிடம் போயிருக்கிறேன். எவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, ஏனென்றால் நான் நன்றாகப் பேசுவேன், சிரிப்பேன், வகுப்பை நடத்துவேன்.

ஆறாம் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த ஒரு பிள்ளை எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் ஒரு கதையைக் கேட்கும்போது தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறாள், "உண்மையாவோ?" என்பதை எந்த இடத்தில் சொல்கிறாள் என்பவற்றைக் கவனித்து, வீட்டில் கண்ணாடியின் முன் நின்று பழகினேன். இன்றும் சக ஆசிரியை ஒருவர் கதை சொன்னால் என் தலை அதே பக்கம்தான் சாயும். கேட்பவர்களுக்கு அது அன்பாகத் தெரிகிறது, அன்பும் பொய் அல்ல. ஆனால் அது தானாக வருவதில்லை.

எங்கள் சமூகத்தில் பெண்களை அடையாளம் காண்பது கடினமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். சாமத்தியவீடு, கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றிலும் யார் எங்கே நிற்பது, என்ன கேட்பது, எதைக் கொண்டுபோவது என்பது ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. "எப்ப வந்தனீங்கள், பிள்ளையள் என்ன படிக்கினம், அம்மா சுகமோ" என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, பந்தியில் பரிமாறும் வேலையை எடுத்துக்கொண்டால் மாலை முழுவதையும் கடத்திவிடலாம். எனக்கு அங்கே சிரமம் குறைவு. எந்த ஒழுங்கும் இல்லாத ஆசிரியர் அறையின் இடைவேளைதான் என்னை முறித்தது. நாள் முழுவதும் கந்தோரில் சிங்களத்தில் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் தாய்மொழியில் மூச்சுவிடுபவர்கள் கொழும்பில் எத்தனையோ பேர். எனக்கு அப்படித் திரும்பிப் போக ஒரு மொழி இருக்கவில்லை, வீட்டிலும் மொழிபெயர்ப்பு நடந்துகொண்டே இருந்தது.

பழைய நூல்களில் நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற விகிதத்தைக் காணலாம். பல ஆய்வுகளைச் சேர்த்து 2017 இல் வெளிவந்த பகுப்பாய்வு, உண்மையான விகிதம் மூன்றுக்கு ஒன்றை நெருங்கியது என்றும் பெண்கள் தவறவிடப்படுகிறார்கள் என்றும் காட்டியது. மறைத்துக்கொள்வதை அளப்பதற்கென்றே 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் 2019 இல் வந்திருக்கிறது. கடலோரம் அண்ணா, முதற் படிவத்தோடு அதையும் நிரப்பிப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனைப் பெரியவர்

பிள்ளைகள் எழுதியவற்றைக் கவனமாக வாசித்தேன். இப்படியானவர்கள் எங்கள் காலத்திலும் இருந்தார்கள். செட்டியார் தெருவில் ஒருவர் கணக்கு எழுதினார்; கடையில் எவருடனும் பேசமாட்டார், ஒரே நேரத்தில் வருவார், ஒரே தேநீரைக் குடிப்பார், அவர் எழுதிய பேரேட்டில் ஒரு சதம் பிழைக்காது. அச்சகங்களில் ஒப்புநோக்கும் வேலையில் அப்படியானவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களை நாங்கள் அவர்கள் போக்கில் விட்டோம், மரியாதையும் கொடுத்தோம். ஒரு சுபாவத்துக்கு ஆஸ்பத்திரிப் பெயர் வைப்பதால் அந்த மனிதருக்கு என்ன நன்மை என்பதே என் கவலை.

இன்னொன்றையும் கேட்கிறேன். அஸ்பேர்கர் என்ற மருத்துவர் ஹிட்லரின் நாசிகளுடன் ஒத்துழைத்தவர் என்று வாசித்தேன். அவ்வாறானால் அந்தப் பெயரை ஏன் இன்னும் சுமக்க வேண்டும்?

தேமா

ஐயா, நீங்கள் சொல்லும் கணக்கெழுத்தருக்குக் கடையில் ஓர் இடம் இருந்தது என்பதை ஏற்கிறேன். அவருடைய வீட்டில் என்ன நடந்தது என்பது கடையில் தெரிந்திருக்காது. அப்படியான ஒருவருடைய மனைவியாக எழுதுகிறேன்.

எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்த நேரம், என் கணவர் காலி வீதியில் மூன்று பார்மசிகளில் விலையும் இருப்பும் கேட்டு மருந்து வாங்கி வந்தார். வெப்பநிலையையும் குடித்த நீரின் அளவையும் மணிக்கொரு தடவை அட்டவணையில் குறித்தார். குறித்துவிட்டு எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுவார். பக்கத்தில் ஐந்து நிமிடம் இருக்கமாட்டாரா என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதிருக்கிறேன். என்மீது பாசமில்லை என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். அவருக்கு ஓட்டிசம் என்று உறுதிப்படுத்தப்பட்ட பிறகு உளவளத்துணையாளர் முன்னிலையில் இதைச் சொன்னபோது என் கணவர் திகைத்துவிட்டார். நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார். அந்த அட்டவணைதான் அவருடைய பாசம். இப்போது "பக்கத்தில் வந்து இருங்கள், ஒன்றும் பேச வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். வந்து இருக்கிறார்.

அந்தப் பெயர் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் குற்றவாளியாகவே வைத்திருந்திருப்போம். நன்மை என்னவென்று கேட்டீர்கள், ஐயா, எங்களுக்கு இதுதான்.

நீள்நோக்கு

தேமா எழுதியது மிகவும் பெறுமதியானது. ஓட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மீது இரக்கம் இல்லை என்ற கருத்து நீண்டகாலம் நிலவியது. டேமியன் மில்ற்றன் என்ற ஆய்வாளர், தாமே ஓட்டிசம் உள்ளவர், 2012 இல் இதை மறுத்து, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று வாதிட்டார்: ஓட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளாத அளவுக்கு மற்றவரும் அவரைப் புரிந்துகொள்வதில்லை. தேமாவின் வீட்டில் நடந்தது அதுதான். தம் உணர்வை இன்னதென்று பெயரிட்டுச் சொல்ல முடியாமையும் ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் காணப்படுகிறது. "என்ன உணர்கிறீர்கள்?" என்றால் பதில் வராது, "நெஞ்சு இறுகுகிறதா, வயிறு பிசைகிறதா?" என்றால் வரும்.

பெரியவர் கேட்ட வரலாற்றுக்கு வருகிறேன். ஹான்ஸ் அஸ்பேர்கர் வியன்னாவில் பிள்ளைகளுக்கான மருத்துவர். 1944 இல் நான்கு சிறுவர்களை விரிவாக வர்ணித்துக் கட்டுரை எழுதினார். அதற்கு முன்னரே, 1920களில், சோவியத் உளமருத்துவர் குரூனியா சுகரேவா இதற்கு மிக நெருங்கிய வர்ணனையைத் தந்திருந்தார். அஸ்பேர்கரின் பெயரை இந்நிலைக்குப் பரவலாக்கியவர் பிரித்தானிய உளமருத்துவர் லோர்னா விங். அவருடைய கட்டுரை 1981 இல், அஸ்பேர்கர் இறந்த மறு வருடம் வெளிவந்தது. நாசி ஆட்சியில் பிள்ளைகள் கொல்லப்பட்ட, வியன்னாவின் அம் ஷ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு அஸ்பேர்கர் பிள்ளைகளை அனுப்பினார் என்பதை வரலாற்றாய்வாளர் ஹேர்விக் செக் 2018 இல் ஆவணங்களோடு வெளியிட்டார். எனவே நீங்கள் வாசித்தது சரி. நான் என் அறையில் அந்தப் பெயரை நானாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அந்தப் பெயரோடே தன்னை அடையாளம் கண்டு, அதைக் கொண்டே நிம்மதி அடைந்த ஒருவரிடம் அதைப் பறிப்பதும் என் வேலை அல்ல.

உங்கள் கணக்கெழுத்தரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஐயா. வாழ்க்கை தடையின்றி நடக்கிறது, எவருக்கும் வேதனை இல்லை என்றால் மதிப்பீடு தேவையில்லை. வரைவிலக்கணமே பாதிப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அவருடைய தேநீர்க் கடை மூடப்பட்டாலோ, முதலாளி மாறினாலோ அவர் என்ன ஆனார் என்று கேட்கத் தோன்றுகிறது. என்னிடம் வருபவர்களில் பலர் அப்படியொரு மாற்றத்துக்குப் பிறகே வருகிறார்கள்: பதவி உயர்வு, முதற் குழந்தை, தாயின் மரணம், திறந்த மண்டபமாக மாற்றப்பட்ட அலுவலகம். அதுவரை தாங்கிய உத்திகள் அன்று போதாமல் போகின்றன. அதை மனச்சோர்வு என்று மட்டும் எழுதிவிட்டு மருந்து கொடுத்தால், அடியில் இருப்பது தெரியாமலே போகும்.

கடலோரம்

எல்லோருக்கும் நன்றி. பயமே இல்லாத இடத்திலும் தொடர்கிறதா என்ற கேள்வியை என்னிடம் கேட்டுப் பார்த்தேன். அக்காவுடன் எனக்கு எந்தப் பயமும் இல்லை. ஆயினும் அவர் கோபமாக இருக்கிறாரா, களைப்பாக இருக்கிறாரா என்பதை அவர் வாயால் சொல்லும்வரை நான் அறிந்ததில்லை. எனவே மதிப்பீட்டுக்குப் போகத் தீர்மானித்திருக்கிறேன். கொழும்பில் எங்கே தொடங்க வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும்? வேலையிடத்துக்குத் தெரியவருமா என்ற அச்சமும் உண்டு.

நீள்நோக்கு

அரச சேவையில் தேசிய வைத்தியசாலையின் உளமருத்துவக் கிளினிக்கிலோ அங்கொடையில் உள்ள தேசிய உளநல நிறுவகத்திலோ தொடங்கலாம், கட்டணம் இல்லை. லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலை பிள்ளைகளுக்கானது, அங்கே போக வேண்டாம். தனியாரிடம் போவதானால், வயது வந்தவர்களின் ஓட்டிசத்தை மதிப்பிட்ட அனுபவம் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பிள்ளைகளை மட்டும் பார்த்தவர்கள் மறைப்பைத் தவறவிடக்கூடும். காத்திருக்கும் காலத்தில் மனம் மிகவும் நெருக்கடிக்குள்ளானால், உயிர்வாழ விருப்பமில்லாத எண்ணம் வந்தால், 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணை உடனே அழையுங்கள். அடையாளம் காணப்படாத வளர்ந்தவர்களிடம் அத்தகைய எண்ணம் அரிதல்ல. ஆகவே இதை வெறும் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை.

இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ இதைக் காட்டாது. சிறுவயதை அறிந்த ஒருவர் தரும் தகவலும், உங்களோடு நேரில் நடக்கும் நீண்ட உரையாடலும், கவனிப்புமே மதிப்பீடு. பழைய பாடசாலை முன்னேற்ற அறிக்கைகள் கிடைத்தால் கொண்டுபோங்கள். "திறமையானவர், ஆனால் மற்றவர்களுடன் சேர்வதில்லை" என்ற வகுப்பாசிரியரின் குறிப்பு ஒன்றே பல படிவங்களைவிடப் பயன்படும். நீங்கள் இங்கே எழுதிய தொலைபேசித் தாள், மண்டபத்துக்கு மறுநாள் போன்ற குறிப்பான சம்பவங்களை எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே உரையாட முடியுமா என்று கேளுங்கள், முடியாவிட்டால் மொழிபெயர்ப்பவர் ஒருவரைக் கேளுங்கள். பரீட்சைக்குப் படித்த ஆங்கிலத்தில் எல்லோருடைய பேச்சும் சற்று விறைப்பாகவே இருக்கும். உங்கள் இயல்பான பேச்சின் போக்கைத் தாய்மொழியில்தான் கேட்க முடியும்.

ஓட்டிசத்தின் அடிப்படை இயல்புகளுக்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. கூட இருக்கும் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து உதவலாம். உங்கள் அறிக்கை உங்களுடையது. உங்கள் சம்மதமின்றி மருத்துவர் அதை வேலையிடத்துக்கு அனுப்புவது தொழில் ஒழுக்கத்துக்கு முரணானது. காரணம் சொல்லாமலே, அமைதியான மூலையில் மேசை கேட்கவும் அறிவுறுத்தல்களை எழுத்தில் தரும்படி கேட்கவும் உங்களால் முடியும்.

மருதநிலா

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், அண்ணா. அம்மாவையோ அக்காவையோ அழைத்துப் போவதற்கு முன்னர் வீட்டில் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள். "சின்ன வயதில் நான் வித்தியாசமாக இருந்தேனா?" என்று கேட்காதீர்கள், தன் வளர்ப்பைக் குறை சொல்வதாக எண்ணி, "நீ தங்கமான பிள்ளை, ஒரு தொல்லையும் இல்லை" என்றுதான் என் அம்மா பதில் சொன்னார். பாடசாலை இடைவேளையில் நான் யாருடன் இருந்தேன், எந்தச் சாப்பாட்டைத் தொடமாட்டேன், எந்தச் சட்டையைப் போட அழுதேன், திடீரென்று ஊருக்குப் புறப்பட்டால் என்ன செய்வேன், தலைமயிர் வெட்டப் போகும்போது என்ன நடந்தது என்று கேட்டேன். அதன் பிறகு அம்மா ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் சொன்னார். அருகில் இருந்த தங்கை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். மருத்துவர் அந்தக் கொப்பியைத்தான் முதலில் வாசித்தார்.